வலியறிதல்: அபின் விளையும் நாட்டில் மார்ஃபின் கிடைக்காத வரலாறு

திருக்குறளின் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. வகுப்பில் அதனை நடத்தத் தொடங்கும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவர், பிறர் படும் வேதனையை அறிந்துகொள்வதைப் பற்றிய அதிகாரம் இது என எண்ணிக்கொண்டு அமர்ந்திருப்பார். வள்ளுவர் சொல்லும் வலி, வலிமை. வேந்தன் தன் ஆற்றலையும் பகைவன் ஆற்றலையும் எடைபோடுவதைப் பற்றியது அவ்வதிகாரம். உடல் படும் துன்பத்தைக் குறிக்கப் பழந்தமிழில் நோய், நோவு முதலிய சொற்களே மிகுதியாக வழங்கின. இதனைச் சொல்லித் திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்வது வழக்கம். ஆயினும் அந்த மாணவரின் பிழையில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருப்பதாக அண்மைக்காலமாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் படும் வேதனையை இன்னொருவர் எவ்வாறு அறிவது? அறிந்த பின்னும் மருந்தைத் தர ஓர் அரசும் அதன் மருத்துவர்களும் தயங்குவார்களாயின், அத்தயக்கம் எங்கிருந்து வருகிறது? இக்கேள்விகளுக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது நம் அடுக்களை அஞ்சறைப்பெட்டியிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

காயும் ஆலையும்

குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபின் செடியின் விதை. போதை விதையில் இல்லை. காயின் தோலில் ஊறும் பாலில் இருக்கிறது. இதழ்கள் உதிர்ந்து காய் பச்சையாக நிற்கும் பருவத்தில், பிற்பகல் வேளையில் அதன் மேல்தோலைக் கூரிய கருவியால் மெல்லக் கீறிவிடுவார்கள். இரவெல்லாம் பால் கசிந்து, விடியும்போது பழுப்புநிறப் பிசினாகத் திரண்டிருக்கும். அதனை வழித்தெடுத்துச் சேர்த்தால் அபின். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், மத்திய அரசு அறிவிக்கும் பகுதிகளில், உரிமம் பெற்ற உழவர்கள் இன்றும் இவ்வாறே அபின் எடுக்கிறார்கள். எடுத்ததை அரசிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப்பொருள் அலுவலகம் இதனை மேற்பார்வை செய்கிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளில் அது பதப்படுத்தப்படுகிறது.

காஜிப்பூர் ஆலைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபின் வணிகத்தைக் கம்பெனியின் தனியுரிமையாக்கினார். 1820இல் காஜிப்பூரில் ஆலை எழுந்தது. உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, கம்பெனி குறித்த விலைக்கே வாங்கி, உருண்டைகளாக்கிப் பெட்டிகளில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். அங்கிருந்து அது சீனக் கரைக்குப் போயிற்று. அதன் பொருட்டு இரண்டு போர்களும் நடந்தன. அமிதவ் கோஷ் 2008இல் வெளியிட்ட 'சீ ஆஃப் பாப்பீஸ்' நாவலை வாசித்தவர்கள் இவ்வாலையை மறந்திருக்கமாட்டார்கள். அதன் நாயகியான தீத்தியின் கணவன் அங்கே வேலை செய்பவன்; காலில் காயம்பட்ட முன்னாள் சிப்பாய்; அபினுக்கு அடிமை. வலியும் அடிமைத்தனமும் ஓருடலில் வாழ்வதை அந்தப் பாத்திரம் காட்டுகிறது.

இங்கே கருத வேண்டியது ஒன்று. அபின் இந்தியாவில் நெடுங்காலம் வருவாய்த் துறையின் பொருளாகவே இருந்தது. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்கள் அரசின் வருவாயைக் காப்பதற்காக எழுந்தவை. மருத்துவத்தின் கண்கொண்டு அச்செடியை நோக்கும் நிர்வாக மரபு நம்மிடம் உருவாகவே இல்லை. பின்னாளில் அரசின் நோக்கு வருவாயிலிருந்து குற்றத்துக்குத் தாவியபோதும், நடுவில் நிற்க வேண்டிய நோயாளி கண்ணில் படாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மார்ஃபியஸின் பெயரால்

ஆலை எழுவதற்குச் சற்று முன்னரே, ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர் என்னும் இளைஞர் அபினின் சாரத்தைப் பிரித்தெடுத்திருந்தார். கனவுகளின் கிரேக்கத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை அதற்கு இட்டார். 1817இல் அவரது விரிவான ஆய்வு வெளிவந்தது. 1827 முதல் மெர்க் நிறுவனம் அதனை வணிகப் பொருளாகத் தயாரித்தது. அபினில் எவ்வளவு சாரம் உள்ளது என்பது காய்க்குக் காய் மாறும். மார்ஃபினை மில்லிகிராம் கணக்கில் அளந்து தரலாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பது அளவுதான் என்பதால், அளக்க முடிந்ததே பெரிய புரட்சியாயிற்று.

ஆயினும் அதனைத் தொடர்வலிக்கு முறையாகப் பயன்படுத்த இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நோயாளி துடித்துக் கேட்ட பிறகு ஊசி போடுவது, அதன் வேகம் தணிந்ததும் மீண்டும் துடிக்கவிடுவது என்பதே மருத்துவமனைகளின் வழக்கமாக இருந்தது. இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதனை மாற்றினார். வலி எழுந்த பின் விரட்டுவதைவிட, கடிகாரம் பார்த்துக் குறித்த வேளையில் வாய்வழியாக மருந்து கொடுத்து, வலி எழாமலேயே காக்க வேண்டும் என்றார். உடல்நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் யாவும் சேர்ந்ததே முழுவலி என்பது அவரது கோட்பாடு. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே மார்ஃபின் இடம்பெற்றது. 1986இல் அந்நிறுவனம் வகுத்த மூன்றுபடி முறையில் புற்றுநோயின் கடும்வலிக்குரிய மருந்தாக அது நின்றது.

போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1961இல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முகவுரையும் இங்கே நினைக்கத்தக்கது. வலியைத் தணிக்க இம்மருந்துகள் தவிர்க்க இயலாதவை என்பதையும், அவை கிடைக்க உரிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. தடுப்பதும் கிடைக்கச் செய்வதும் ஒரே ஒப்பந்தத்தின் இரு கடமைகள். இரண்டாவது கடமை பெரும்பாலான நாடுகளில் மறக்கப்பட்டது.

1985

இந்தியாவில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய அபின் சட்டங்களையும் 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தையும் நீக்கி, அவற்றினும் கடுமையான ஒன்றாக அது இயற்றப்பட்டது. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டை இச்சட்டம் தடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எட்டாம் பிரிவே அதற்கு விலக்களிக்கிறது. ஆனால் மார்ஃபின் போன்ற தயாரிக்கப்பட்ட மருந்துகளை வைத்திருப்பது, விற்பது, கொண்டுசெல்வது பற்றிய விதிகளை இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் விடப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதிகள் செய்துகொண்டது.

விளைவு யாது? ஒரு மருத்துவமனை மார்ஃபின் மாத்திரை வாங்க வேண்டுமாயின் வைத்திருக்க ஓர் உரிமம், தன் மாநிலத்துக்குள் கொண்டுவர ஓர் அனுமதி, அனுப்பும் மாநிலத்திலிருந்து வெளியேற்ற ஓர் அனுமதி, வழியில் எடுத்துச்செல்ல ஓர் அனுமதி என நான்கைந்து தாள்கள் வேண்டும். கலால் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எனப் பல அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டும். எல்லாத் தாள்களும் ஒரே காலத்தில் செல்லுபடியாகி இருக்கவும் வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகிவிடும். மறுபக்கம், குற்றம் என்று வந்துவிட்டால் அளவு எவ்வளவாயினும் குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல். அளவுக்கேற்பத் தண்டனையை வகைப்படுத்தும் திருத்தம் 2001இல்தான் வந்தது. கணக்குப் புத்தகத்தில் சில மாத்திரைகள் குறைந்தால் என்னவாகும் என எண்ணிப் பார்த்த மருந்துக்கடைக்காரர் அதனை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார், மருத்துவமனைகளும் விட்டன.

1985க்குப் பிறகு இந்தியாவின் மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்தது. 1997இல் நாடு முழுவதும் பயன்பட்டது 18 கிலோ. இந்த எண்ணைச் சற்று விரித்துப் பார்க்கலாம். கடும்வலி உள்ளவர் நான்கு மணிக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மாத்திரை உட்கொள்கிறார் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். அக்கணக்கில் 18 கிலோ மார்ஃபின் ஏறத்தாழ 820 பேருக்கு ஓராண்டு போதும். தொண்ணூறு கோடிக்கும் மேல் மக்கள் வாழ்ந்த நாடு அது. அதே ஆண்டுகளில் இந்தியா உலகின் மருந்து ஆலைகளுக்கு அபினை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. அமெரிக்கா தனக்கு வேண்டிய மூலப்பொருளில் எண்பது விழுக்காட்டை இந்தியாவிடமிருந்தும் துருக்கியிடமிருந்தும் வாங்க வேண்டும் என்று 1981இலேயே விதி செய்திருந்தது. மால்வா நிலத்துக் காய்களில் கசிந்த பால் கடல் கடந்து யாரோ ஒருவரின் வலியைத் தணித்தது. அக்காய்களைக் கீறிய உழவரின் வீட்டில் ஒருவர்க்குப் புற்றுநோய் வந்திருந்தால் அம்மருந்து எட்டியிருக்காது.

சரிவின் இன்னொரு விளைவு மெல்ல வந்தது. அதனால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. மருந்து இல்லாத மருத்துவமனைகளில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் பயின்று வெளிவந்தார்கள். மார்ஃபின் மாத்திரையை எழுதிக்கொடுத்த ஆசிரியரை அவர்கள் கண்டதில்லை. எந்த அளவில் தொடங்குவது, எப்படி உயர்த்துவது, உடன்வரும் மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துத் தர வேண்டும் என்பன போன்ற எளிய செய்திகளும் கைமாறாமல் நின்றுபோயின. பின்னர் விதிகள் தளர்ந்தபோதும் மருத்துவரின் கை எழுதத் தயங்கியது. சட்டத்தை ஒரு நாளில் திருத்திவிடலாம். பழக்கமும் அச்சமும் அவ்வாறு திருந்துவதில்லை.

கோழிக்கோட்டு அனுபவம்

இந்த நிலையை எதிர்த்த முயற்சிகளில் முதன்மையானது கேரளத்தில் நிகழ்ந்தது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் 1993இல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர் சிலரும் தன்னார்வலர் பலரும் சேர்ந்து நடத்திய அந்தச் சிறு மருத்துவப் பிரிவு, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தால் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது.

மார்ஃபினைத் தாராளமாகக் கொடுத்தால் அது தெருவுக்குப் போய்விடும் என்பதே அதிகாரிகளின் நெடுநாள் வாதம். அதற்கு விடையாக ராஜகோபாலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜோரன்சன் குழுவினரும் 2001இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோழிக்கோட்டில் ஈராண்டுக் காலத்தில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் தரப்பட்டது. பெரும்பாலோர் அதனை வீட்டுக்கு எடுத்துச்சென்று உட்கொண்டவர்கள். முறைகேடாகப் பயன்பட்டதாகவோ கைமாறியதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை.

இதற்கிடையே சட்டத்தளத்திலும் அசைவு தொடங்கியது. புற்றுநோய் வலியில் தாயை இழந்த ஒரு மகன், மார்ஃபின் கிடைக்கச் செய்யுமாறு டில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கில் இணைந்தார். 1998இல் மத்திய வருவாய்த் துறை எளிமையான மாதிரி விதி ஒன்றை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. கேரளம் உட்படச் சில மாநிலங்கள் அதனை ஏற்றன; பல மாநிலங்களில் கோப்பு நகரவில்லை. 2003இல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பை நிறுவினார். 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. 2009இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியாவின் நிலை குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. தணிக்கக்கூடிய வலியைத் தணிக்காமல் விடுவது மனித உரிமைக் குறைபாடு என்னும் பார்வை அதன் பிறகு அழுத்தம் பெற்றது.

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்றொரு புதிய வகை உருவாயிற்று. மார்ஃபின், ஃபென்டானில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் வந்தன. இவற்றுக்கான விதியை மத்திய அரசே நாடு முழுமைக்கும் ஒன்றாக இயற்றியது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் எதுவாயினும், பல உரிமங்களுக்கு அலையாமல் இவற்றை வைத்திருக்கலாம் என்றாயிற்று. இருபது ஆண்டு உழைப்பின் பயன் அது.

கடலுக்கு அப்பால்

இவ்வரலாற்றை இவ்வளவில் நிறுத்திக்கொண்டால், அச்சம் முழுவதும் வீண் என்ற எண்ணம் எழக்கூடும். அவ்வாறன்று. அதே காலத்தில் அமெரிக்காவில் நேர்ந்ததையும் பார்த்தாக வேண்டும்.

1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் இருந்தபோது அபின்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானவர் நால்வரே என்று அது கூறியது. மருத்துவமனைக் கட்டிலில் மேற்பார்வையில் இருந்தவர்களைப் பற்றிய அச்செய்தி, வீட்டில் மாதக்கணக்கில் மருந்து உண்பவர்களுக்கும் பொருந்துவதாகக் காலப்போக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. 1996இல் பர்டூ நிறுவனம் ஆக்சிகான்டின் என்னும் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, முதுகுவலி, மூட்டுவலி என எல்லாத் தொடர்வலிக்கும் அதனை எழுதுமாறு மருத்துவர்களைத் தூண்டியது. அதன் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றத்தைப் பர்டூ குழும நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் சிதைந்திருந்தன.

பிறகு ஊசல் மறுபக்கம் சென்றது. 2016இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்கு நிகரான அளவை எட்டுவதைத் தவிர்க்குமாறு, அல்லது தக்க காரணத்தோடு மட்டும் செய்யுமாறு, அது மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரையாக வந்ததைக் காப்பீட்டு நிறுவனங்களும் மருந்துக்கடைகளும் சில மாநிலங்களும் சட்டக் கோடாக மாற்றிக்கொண்டன. ஆண்டுக்கணக்கில் ஒரே அளவு மருந்தில் வேலைக்குச் சென்று குடும்பம் நடத்தியவர்கள் திடீரென அளவு குறைக்கப்பட்டார்கள், மருத்துவர்களால் கைவிடப்பட்டார்கள். இவ்வாறு திடீரென நிறுத்துவது கடும் தீங்கு விளைவிக்கும் என்று 2019இல் அந்நாட்டு மருந்து ஆணையமே எச்சரிக்க நேர்ந்தது. 2022இல் நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, எண்ணைவிட நோயாளியை நோக்குமாறு வலியுறுத்தியது. இத்தனைக்கும் நடுவே மரணங்கள் குறையவில்லை. 2021இல் ஓராண்டில் மட்டும் போதைப்பொருள் மிகைநுகர்வால் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். பெரும்பான்மைக்குக் காரணம் கள்ளச்சந்தை ஃபென்டானில்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? எல்லாத் தொடர்வலிக்கும் அபின்வகை மருந்தே தீர்வு எனல் தவறு. நாள்பட்ட முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் அவை பிற மருந்துகளைவிட மேலானவையல்ல என்று 2018இல் வெளியான ஓர் ஓராண்டு ஆய்வு காட்டியது. புற்றுநோய் வலிக்கும், வேறெதற்கும் கட்டுப்படாத சில கடும்வலிகளுக்கும் அவற்றுக்கு மாற்று அரிது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் பிரித்தறியும் திறன், நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்கும் மருத்துவருக்கு உண்டு. எண்ணுக்கோ விதிக்கோ இல்லை. அமெரிக்காவில் முதலில் வணிகமும் பிறகு அச்சமும் அந்த மருத்துவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவில் தொடக்கம் முதலே அச்சம் அங்கே அமர்ந்துவிட்டது.

எஞ்சியிருப்பது

2017இல் வெளிவந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை, உலக நாடுகளில் இவ்வகை மருந்து எவ்வளவு கிடைக்கிறது என்பதை, நோய்த்தணிப்புச் சிகிச்சை வேண்டும் நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டது. 2010 முதல் 2013 வரையிலான சராசரி அது. அமெரிக்காவில் 55,000 மில்லிகிராமுக்கும் மேல். இந்தியாவில் 43 மில்லிகிராம். தேவையில் நான்கு விழுக்காடு. மேலே நாம் போட்ட கணக்கின்படி அது ஒரு நோயாளிக்கு ஒரு முழுநாளுக்கும் போதாது.

அந்த எண்கள் 2014க்கு முந்தையவை. அதன் பின் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது, ஆனால் மெதுவாக. அங்கீகாரம் பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத மருத்துவமனைகள் உண்டு. அங்கீகாரம் பெற்றும் எழுதத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு. மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் முடிவு நெருங்கிவிட்டது என்று கலங்கி, வேண்டாம் என்று சொல்லிவிடும் உறவினர்களும் உண்டு. 2018இல் டிரமடால் என்னும் நடுத்தர வலிமருந்தும் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தவறாகப் பயன்படுவதைத் தடுக்க வந்த அவ்விதியால், சிற்றூர் மருந்துக்கடையில் கிடைத்துவந்த ஒன்றும் அரிதாயிற்று. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் ஒரு பகுதி. அது நல்ல தொடக்கம். வீட்டுக்கு வரும் செவிலியரின் பையில் காயம் துடைக்கும் பஞ்சு இருப்பது போலவே, தேவைப்படும் நோயாளிக்கு மருத்துவர் எழுதிய மார்ஃபினும் தடையின்றி வந்துசேரும் நாளில் அது முழுமை பெறும்.

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. வலியை அளக்க இன்றுவரை கருவி இல்லை. பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள் என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளி எட்டு என்கிறார். அந்த எட்டுக்குச் சான்று அவர் வாய்ச்சொல் ஒன்றே. நம் சட்டங்களும் விதிகளும் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி, இவர் பொய் சொன்னால் என்ன செய்வது என்பது. இவர் மெய் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கோழிக்கோட்டில் சிலர் கேட்டார்கள். அடுத்த முறை வகுப்பில் ஒரு மாணவர் வலியறிதல் என்பதற்குத் தவறாகப் பொருள் சொன்னால், வள்ளுவர் கருதியது வேறு என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதைப் பற்றியும் சற்று நேரம் பேசலாம் என்றிருக்கிறேன்.